5+0 ஆ, 3+2 ஆ: நேரம் தீர்ந்து தோற்கிறவன் கணக்கு

இணையத்தில் ஒரு செஸ் ஆட்டம். என் பக்கம் யானையும் இரண்டு சிப்பாய்களும். எதிராளிக்கு ராஜாவோடு ஓரத்தில் முடங்கிக் கிடந்த ஒரே ஒரு சிப்பாய். என் கடிகாரத்தில் 4 விநாடி, அவருக்கு 11. சிப்பாயை ராணியாக்கிவிடலாம் என்று மவுஸை இழுத்துக்கொண்டே இருந்தேன், நேரம் தீர்ந்துவிட்டது. தோல்வி. அந்த ஓரச் சிப்பாயை வெட்டியிருந்தால் டிராவாவது தேறியிருக்கும். தனி ராஜாவை வைத்துக்கொண்டு யாரும் நேரத்தில் ஜெயிக்க முடியாது. அன்றைக்கே 5+0-ஐ விட்டு 3+2-க்கு மாறினேன். நான்கு மாதம் ஆகிறது.

5+0 என்றால் ஆளுக்கு 5 நிமிடம், முடிந்தது கதை. 3+2-இல் 3 நிமிடத்தில் தொடங்கி, நகர்த்தலுக்கு 2 விநாடி சேரும். இரண்டுமே பிளிட்ஸ் எனும் அதிவேக ஆட்டம்தான்.

3 நிமிடம் குறைச்சல் ஆயிற்றே என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. 40 நகர்த்தலில் முடியும் ஆட்டத்துக்கு 3+2 தருவது 260 விநாடி, 5+0 தருவது 300. 60-வது நகர்த்தலில்தான் இரண்டும் சமமாகின்றன. ஆக, பல ஆட்டங்களில் 5+0-தான் தாராளம். ஆனால் அந்த அதிகப்படி நேரத்தை நான் எங்கே செலவழித்தேன்? 12-வது நகர்த்தலில், குதிரையை எந்தப் பக்கம் எடுப்பது என்று யோசித்து. கடைசிக் கட்டத்துக்கு ஒன்றும் மிஞ்சாது.

3+2 காப்பாற்றுவது அந்தக் கடைசிக் கட்டத்தைத்தான். ராஜாவும் யானையும் சேர்ந்து தனி ராஜாவை மேட் செய்ய, சரியாக ஆடினால் அதிகபட்சம் 16 நகர்த்தல். 5+0-இல் கையில் 4 விநாடி இருந்தால் நகர்த்தலுக்குக் கால் விநாடி. 3+2-இல் அதே 4 விநாடியோடு, விநாடிக்கு ஒரு நகர்த்தலாக ஆடினால் முடிக்கும்போது கடிகாரம் 20 காட்டும். முறை தெரிந்தவன் ஜெயிப்பான்; அதுதானே நியாயம். இப்படி விநாடி சேர்க்கும் கடிகாரத்துக்கு முன்னாள் உலக சாம்பியன் பாபி ஃபிஷர் 1989-இல் காப்புரிமை வாங்கினார். 1992-இல் பழைய எதிராளி ஸ்பாஸ்கியோடு மறுபடி மோதியதும் அதை வைத்துத்தான். இன்று உலக பிளிட்ஸ் சாம்பியன்ஷிப்பே 3+2.

5+0-க்கும் ஆள் உண்டு. எவ்வளவு இழுத்தாலும் 10 நிமிடத்தில் ஆட்டம் முடிந்துவிடும். 3+2-இல் தோற்றுக்கொண்டிருப்பவர் விடாமல் இழுத்தால் அந்த உத்தரவாதம் இல்லை. அப்புறம், கை வேகமானவர்களுக்கு பிரீமூவ் இருக்கிறது, அதாவது எதிராளி ஆடும் முன்பே நம் அடுத்த நகர்த்தலைப் போட்டு வைப்பது: லிசெஸ் தளத்தில் அதற்கு நேரமே கழியாது, செஸ்.காம் தளத்தில் 0.1 விநாடி. அதில் தேர்ந்தவர் 5+0-ஐ விட மாட்டார். எனக்கு அந்தக் கை இல்லை.

போனில் ஆடுபவர்களுக்கு இது எவ்வளவு பொருந்தும் என்று அடித்துச் சொல்ல மாட்டேன், நான் ஆடியதெல்லாம் மவுஸில். இணையம் திக்கித் திணறினால் 2 விநாடியும் நழுவிப்போகும்.

இப்போதும் நேரத்தில் தோற்கிறேன், சரி. ஆனால் 25-வது நகர்த்தல் வாக்கில், பலகை நிறையக் காய் இருக்கும்போது, ஒரே நகர்த்தலுக்கு 50 விநாடி உட்கார்ந்துவிட்டு. அதற்குக் கடிகாரத்தைக் குறை சொல்ல வழியில்லை.