வேலூரில் 30 கட்டா, சிவகாசியில் ஆயிரமா?

‘சால்ஜாப்பு’ என்று ஒரு சீட்டு விளையாட்டைச் செய்திருக்கிறேன். ஒருவர் நடுவர். “தங்கச்சி கல்யாணத்துக்கு ஏன் வரல?” என்பது மாதிரி ஒரு கேள்விச் சீட்டைப் போடுவார். மற்றவர்கள் கையிலிருக்கும் ஒரு பொருள் சீட்டை வைத்துச் சாக்குச் சொல்ல வேண்டும். கோட்டை அகழி, முள்ளு கத்தரிக்காய், ஆற்காடு மக்கன் பேடா, காட்பாடி மேம்பாலம் என்று எல்லாம் நம் வேலூர்ப் பக்கத்துச் சங்கதிகள். நடுவருக்குப் பிடித்த சாக்கு ஜெயிக்கும். கேள்வி 14, பொருள் 40, மொத்தம் 54 சீட்டு சேர்ந்தது ஒரு கட்டு. காட்பாடியில் ரயில் ஏறினால் சென்னை போவதற்குள் நாலைந்து ஆட்டம் ஆடிவிடலாம்.

விளையாட்டை யோசிக்க ஆன காலத்தைவிட, எங்கே அச்சடிப்பது என்று அலைந்த காலம்தான் அதிகம். அதே யோசனையில் இருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

முதலில் உள்ளூர் டிஜிட்டல் பிரிண்ட். சீட்டின் அளவு 63க்கு 88 மில்லிமீட்டர். சுற்றிலும் வெட்டுக்கு 3 மில்லிமீட்டர் விட்டால், 12க்கு 18 அங்குலத் தாளில் 18 சீட்டு உட்காரும். அதாவது மூன்று தாளில் ஒரு கட்டு. 30 கட்டுக்கு 90 தாள், வீணாவதற்குக் கொஞ்சம் கூடுதல். காலையில் கொடுத்தால் மாலையில் கைக்கு வந்துவிடும். பிளேட், அதாவது ஒவ்வொரு மை நிறத்துக்கும் தனியாகச் செய்யும் அச்சுத் தகடு, அந்தச் செலவே கிடையாது. இதன் குறை வெட்டுவதில் இருக்கிறது. கட்டிங் மெஷினில் அடுக்கி வெட்டும்போது ஒரு சீட்டு இம்மி பெரிதாக, இன்னொன்று இம்மி சிறிதாக வரும். மூலையை வளைவாக வெட்டுவதும் கைவேலை. கலைத்துப் போடும்போது விரலுக்கு அந்த வித்தியாசம் தெரிகிறது.

இரண்டாவது, சிவகாசி ஆஃப்செட். பிளேட் செய்து மொத்தமாக அடிக்கும் முறை. இதில் இந்தத் தொல்லை இல்லை. 54 சீட்டும் ஒரே பெரிய ஷீட்டில் ஏறும், ஒரே டையில் (வெட்டும் அச்சில்) வெட்டுவதால் எல்லாம் ஒரே அளவு. முன்பக்கத்துக்கு நான்கு பிளேட், பின்பக்கத்துக்கு நான்கு. பின்பக்கத்தை ஒரே நிறமாக வைத்தால் ஐந்து பிளேட்டோடு முடியும். நூறு அடித்தாலும் ஆயிரம் அடித்தாலும் இந்தச் செலவு மாறாது, அதனால்தான் ஆயிரத்துக்குப் போனால் கட்டு விலை இறங்குகிறது. ஆனால் 300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 300 கிராம்) அட்டையில் 54 சீட்டு ஏறக்குறைய 90 கிராம். பெட்டியோடு ஆயிரம் கட்டு என்றால் நூறு கிலோ. அதை வீட்டில் எங்கே வைப்பது என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். ஒரு சீட்டில் தப்பு வந்தால் ஆயிரத்திலும் அதே தப்பு.

தப்பு வரும். ஓர் அச்சகத்தில் என் ஃபைலைத் திறந்தபோது தமிழ் எழுத்துகளில் கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம். ‘தோட்டப்பாளையம்’ படிக்கவே முடியவில்லை. எழுத்துகளை வடிவங்களாக மாற்றி பிடிஎஃப் ஆகக் கொடுத்த பிறகுதான் சரியானது. ப்ரூஃபை, அதாவது அச்சுக்கு முன் சரிபார்க்கத் தரும் பிரதியை, நானே எழுத்தெழுத்தாகப் பார்க்காமல் விட்டிருந்தால் அப்படியே ஓடியிருக்கும்.

மூன்றாவது வழி, அமெரிக்காவில் மேடிசன் நகரிலிருந்து இயங்கும் தி கேம் கிராஃப்டர் மாதிரியான இடங்கள். ஆர்டர் வந்தால் ஒரு கட்டுகூட அடித்து அனுப்புவார்கள், நாம் சரக்கு வைக்க வேண்டாம். அங்கேயுள்ள தமிழர்களுக்கு விற்க நல்ல வழி. வேலூரில் விற்க அங்கே அடித்துக் கப்பல் கூலியும் சுங்கமும் கட்டுவதில் அர்த்தமில்லை.

எங்கே அடித்தாலும் நம் ஊர் வெயிலை மறக்கக் கூடாது. ஒரு பக்கம் மட்டும் லேமினேஷன் (மெல்லிய பிளாஸ்டிக் பூச்சு) செய்த மாதிரிச் சீட்டுகள் மே மாதத்தில் அப்பளம் மாதிரி வளைந்துவிட்டன. இரண்டு பக்கமும் செய்ய வேண்டும். பளபளப்பானது வியர்வைக் கையில் ஒட்டுகிறது, பளபளப்பில்லாத மேட் ஒட்டுவதில்லை. ஜன்னலோரம் பிடித்தால் எழுத்து பின்னால் தெரிந்தது. பின்பக்கத்தைக் கருநீலமாக்கியதும் அது நின்றது.

பெட்டியா பையா என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அட்டைப்பெட்டி பத்து பயணத்தில் மூலை கிழிகிறது. குடியாத்தம் லுங்கித் துணியில் சுருக்குப் பை தைத்தோம். சட்டைப் பையில் அடங்குகிறது, துவைக்கலாம், சீட்டென்றாலே முகம் சுளிக்கும் பெரியவர்களும் “என்னடா இது?” என்று கையில் வாங்கிப் பார்க்கிறார்கள். கடையில் வைத்து விற்பதானால் விலை, தயாரித்தவர் முகவரி, மாதம், ஆண்டு எல்லாம் அச்சிட்ட ஓர் அட்டையைப் பையோடு கட்டிவிட வேண்டும்.

ஊனோ என்ற சீட்டு விளையாட்டை 1971ல் உருவாக்கிய மெர்ல் ராபின்ஸ் ஓஹையோவில் முடிதிருத்தும் கடை வைத்திருந்தவர். குடும்பமாக 8,000 டாலர் திரட்டி 5,000 கட்டு அடித்து, அந்தக் கடையிலும் வைத்து விற்றார். அதற்கு முன்பே வீட்டில் ஆடிப் பார்த்து ஆடிப் பார்த்து விதிகள் தேறியிருந்தன. என் சீட்டுகள் இன்னும் அந்த நிலைக்கு வரவில்லை. அதனால் இப்போதைக்கு என் ஓட்டு உள்ளூர் 30 கட்டுக்குத்தான். சீட்டில் மாற்ற எதுவும் இல்லை என்றானதும் சிவகாசிக்குப் போவேன். அடுத்த 30ல் ‘காட்பாடி மேம்பாலம்’ சீட்டை எடுத்தாக வேண்டும். யார் கையில் வந்தாலும், எந்தக் கேள்விக்குப் போட்டாலும் அதுவே ஜெயிக்கிறது.