பிளாஸ்மா பெட்டி வாங்குமுன் கரித் தட்டைத் திறந்து பாருங்கள்

திருப்பூர்ப் பக்கம் பிரிண்டிங், செக்கிங் யூனிட் வைத்திருப்பவர்கள் தயவுசெய்து படியுங்கள். 'பிளாஸ்மா காற்றுச் சுத்திகரிப்பான்' என்று ஒரு பெட்டியை யூனிட் யூனிட்டாக ஏறி இறங்கி விற்கிறார்கள். எங்களிடம் 38,000 ரூபாய் வாங்கிக்கொண்டு மாட்டிவிட்டுப் போனார்கள்.

கறை எடுக்கிற லிக்விட், தின்னர் வாடை எங்கள் செக்கிங் அறையில் எந்நேரமும் லேசாக இருக்கும். மூக்கு பழகிவிடும். ஆனாலும் தின்னரில் இருக்கும் டொலுயீன் மாதிரி ஆவிகளை நாள் முழுக்கச் சுவாசிப்பது உடம்புக்குக் கேடு. விற்க வந்த பையன், "கவலையே படாதீங்ணா, கரி புடிச்சு வெக்கும், பிளாஸ்மா எரிச்சுப்போடும்" என்றான்.

இப்படி ஒரு முறை நிஜமாகவே உண்டு. காற்றில் கொஞ்சமாகக் கலந்திருக்கும் ஆவியைச் சிதைக்க பிளாஸ்மாவை, அதாவது உயர் மின்னழுத்தத்தில் மின்னேறிய காற்றை, ஓயாமல் ஓட்டினால் மின்சாரம்தான் வீண். அதனால் முதலில் ஆக்டிவேட்டட் கரியிலோ, ஜியோலைட் என்ற நுண்துளைக் கனிமத்திலோ ஒட்டவைத்துச் சேர்ப்பார்கள். அப்புறம் உயர் மின்னழுத்தம் கொடுத்துச் சிதைப்பார்கள். அப்போது ஓசோன் என்ற காரமான வாயுவும் உண்டாகும். அதை அடக்க மாங்கனீசு டை ஆக்சைடு போன்ற வினையூக்கி கடைசியில் இருக்க வேண்டும். சிதைவு பாதியில் நின்றால் ஃபார்மால்டிஹைடு கூட வரும்.

எங்களுக்கு வந்த பெட்டியை ஓட்டியதும் வாடை மாறியது. மின்பொறி தெறித்தால் வருமே, அந்தக் காரமான வாடை. செக்கிங் அக்கா ஒருவர் "தொண்டை எரியுதுங்ணா" என்றார். பெட்டிக்குப் பக்கத்து அலமாரியில் பீஸ் கட்ட வைத்திருந்த ரப்பர் பேண்டை இழுத்தால், குறுக்கே வெடித்து அறுந்தது. ஓசோன் ரப்பரை அப்படித்தான் செய்யும். நுரையீரலுக்கும் அது ஆகாது. கலிஃபோர்னியாவில் 0.050 பிபிஎம்முக்கு (பிபிஎம் என்றால் பத்து லட்சத்தில் ஒரு பங்கு) மேல் ஓசோன் விடும் வீட்டுச் சுத்திகரிப்பான்களை விற்கவே கூடாது.

காங்கேயத்தில் கரி ஃபேக்டரியில் வேலை செய்யும் சித்தப்பா மகனை வரச்சொல்லித் திறந்தோம். தேங்காய்த்தொட்டியில் செய்த ஆக்டிவேட்டட் கரி ஒரு கிராமுக்குள் 1000 சதுர மீட்டர் அளவுக்குப் பரப்பு இருக்கும். அந்தப் பரப்பில்தான் ஆவி ஒட்டும். அவன் தட்டை உருவிப் பார்த்துவிட்டு, "இதுல கரி எங்கீங்ணா இருக்குது?" என்றான். கறுப்பு ஸ்பாஞ்ச் ஒன்று, விரல் தடிமன் கூட இல்லை. அதற்குப் பின்னால் நேராக ஃபேன். வினையூக்கி என்று எதுவுமே இல்லை.

போன் செய்தால் "சர்வீஸ் ஆள் வருவாருங்க" என்பதோடு சரி. பணம் திரும்பவில்லை.

வாங்குவதாக இருந்தால் கரி எத்தனை கிலோ, அயோடின் எண் (கரி எவ்வளவு பிடித்துவைக்கும் என்பதன் அளவு) என்ன, ஓசோன் சோதனை அறிக்கை எங்கே என்று கேளுங்கள். எழுத்தில் தராதவனுக்கு அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். ஆவி கிளம்பும் மேஜை மேலேயே எக்ஸாஸ்ட் ஃபேன் வைத்து வெளியே இழுப்பதை முதலில் செய்யுங்கள், செலவும் குறைவு.

ஏற்கெனவே ஏமாந்தவர்கள் பில்லையும் விளம்பர நோட்டீஸையும் பத்திரமாக வையுங்கள். வீட்டுக்கு வாங்கியிருந்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அழைத்துப் புகார் சொல்லலாம். தொழிலுக்கு வாங்கிய பொருள் என்றால், நுகர்வோர் ஆணையத்தில் 'வணிக நோக்கம்' என்று தள்ளிவிட வாய்ப்புண்டு. சொந்தப் பிழைப்புக்காகச் சுயதொழில் செய்பவருக்குச் சட்டத்தில் விலக்கு இருக்கிறது. வக்கீலிடம் அதைச் சொல்லிக் கேளுங்கள். நாங்களும் அந்த வழியில்தான் போகிறோம். இதே பெட்டியை வாங்கியவர்கள் தட்டைத் திறந்து படம் எடுத்து அனுப்பினால் எங்கள் மனுவோடு சேர்த்துக்கொள்வோம்.