லைவ் ராக்கா, காய்ந்த கல்லா, சிமெண்ட் கல்லா: மும்பை ஃபிளாட்டுக்கு எது ஒத்துவரும்?

உப்புத்தண்ணீர் டேங்க் போடப் போறேன் என்று சொன்னால் செம்பூரிலும் மாட்டுங்காவிலும் நம்ம ஆட்கள் உடனே கேட்பது நீமோ கிடைக்குமா என்றுதான். அடுத்த கேள்வி ஸ்கிம்மர் (கழிவை நுரையாக்கிப் பிரிக்கும் கருவி) என்ன விலை. டேங்குக்குள் அடுக்கும் கல்லைப் பற்றிக் கடைசியில்தான் பேச்சு வரும். ஆனால் மீனின் கழிவிலிருந்து வரும் அமோனியாவை நைட்ரைட்டாகவும், அதை நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியா குடியிருப்பது பெரும்பாலும் அந்தக் கல்லில். கல்லின் உள் துளைகளில், ஆக்சிஜன் எட்டாத இடத்தில், வேறு வகை பாக்டீரியா நைட்ரேட்டை நைட்ரஜன் வாயுவாக்கி வெளியேற்றும். பழைய கணக்குப்படி 100 லிட்டருக்குச் சுமார் 12 கிலோ கல். துளை நிறைந்த லேசான கல் என்றால் அதைவிடக் குறைவே போதும்.

முதலில் ஈரக் கல், அதாவது கடலிலிருந்து உயிரோடு எடுத்து வரும் நிஜமான லைவ் ராக். உயிரியல் மட்டும்தான் கணக்கு என்றால் இதை அடிக்க ஆள் கிடையாது. பாக்டீரியாவோடு கோரலைன் பாசி (கல்லில் ஊதாவாகப் படரும் பாசி), குட்டி இறால் வகைகள், புழுக்கள், ஸ்பாஞ்ச் எல்லாம் கூடவே வரும். டேங்க் சீக்கிரம் பக்குவப்படும். சிக்கல் என்னவென்றால், தண்ணீருக்கு வெளியே பயணம் செய்த கல்லில் பாதி உயிர் செத்துதான் வந்து சேரும். அது அழுகி முடிகிறவரை தனி டப்பில் போட்டு க்யூர் செய்ய வேண்டும். 35 பிபிடி (லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு) உப்புத்தண்ணீர், நல்ல ஓட்டத்துக்கு ஒரு பவர்ஹெட் பம்ப், லைட் வேண்டாம். செத்த ஸ்பாஞ்ச் வெள்ளைச் சளி மாதிரி தொங்கும்; பழைய டூத்பிரஷ்ஷால் தேய்த்து எடுத்துத் தண்ணீரை மாற்ற வேண்டும். அமோனியாவும் நைட்ரைட்டும் ஜீரோவில் வந்து நிற்க வாரக்கணக்கில் ஆகும். மும்பைச் சூட்டில் ஹீட்டர் தேவைப்படாது, அது ஒன்றுதான் லாபம்.

ஒன் பிஹெச்கே வீட்டில் இதைச் செய்வது லேசில்லை. செம்பூரில் நண்பர் ஒருவர் பாத்ரூமில் டப் வைத்திருந்தார். எதிர் ஃபிளாட் மாமி கதவைத் தட்டி, "ஏன்டாப்பா, ஆத்துல எலி ஏதாவது செத்துக் கெடக்கா?" என்று கேட்டார். "இல்ல மாமி, கல்லு ஊறப் போட்டிருக்கேன்" என்றார் இவர். மாமி நம்பவில்லை.

நாற்றத்தோடு கள்ளக் குடியேறிகளும் உண்டு. ஐப்டேசியா அனிமோனி (பூ மாதிரி இருக்கும், களைபோலப் பரவும் கடல் உயிர்) ஒன்று வந்தால் நூறாகும். கிள்ளினால் மிஞ்சிய துணுக்கிலிருந்தே முளைக்கும். ராத்திரி டேங்கிலிருந்து 'டக், டக்' என்று சத்தம் கேட்டால் வேட்டையாடும் மாண்டிஸ் இறாலாக இருக்கலாம்.

இதையெல்லாம் சமாளித்துவிடலாம், சட்டத்தைச் சமாளிக்க முடியாது. 2001-ல் பாறை கட்டும் பவளங்கள் அத்தனையும் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டன, புலி இருக்கிற அதே அட்டவணையில். செத்த பவளத்துக்கும் சட்டம் பொருந்தும். மும்பை கோஸ்டல் ரோடு வேலைக்காக வர்ளி, ஹாஜி அலி கரையிலிருந்த பவளங்களை 2020-ல் வனத்துறை அனுமதி வாங்கித்தான் இடம் மாற்றினார்கள். வெளிநாட்டுக் கல்லும் சைட்டிஸ் (அருகிவரும் உயிரினங்களின் சர்வதேச வணிகத்தைக் கட்டுப்படுத்தும் ஒப்பந்தம்) இரண்டாம் பட்டியலில் வருகிறது, அனுமதிக் காகிதம் இல்லாமல் வர வழியில்லை. கடைக்காரர் காகிதம் காட்டாவிட்டால் திரும்பி நடப்பதே நல்லது.

நம்மிடையே இன்னொரு ஆசையும் உண்டு: "தூத்துக்குடி போறேன், வர்றப்ப ரெண்டு கல்லு எடுத்துட்டு வர்றேன்." வேண்டவே வேண்டாம். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளில் பூவரசன்பட்டியும் விலாங்குச்சல்லியும் கடலுக்குள் போய்விட்டன. சுண்ணாம்புக்காகவும் கட்டடத்துக்காகவும் வருஷக்கணக்கில் பவளக்கல் வெட்டியது அதற்கு முக்கியக் காரணம்.

அடுத்தது காய்ந்த கல். நிலத்திலிருந்து வெட்டிய புதைபடிவப் பாறை என்றால் கடலுக்குப் பாதிப்பு இல்லை, பூச்சி பயமும் இல்லை. ஆனால் காய்ந்த கல் என்ற பேரில் பழைய பவள எலும்புக்கூட்டையும் விற்பார்கள். பூப்பூவாகக் குழிகள் தெளிவாகத் தெரிந்தால் அது எங்கிருந்து வந்தது என்று கேளுங்கள்.

இதைத் தயார் செய்வதில்தான் ஆட்கள் அவசரப்படுகிறார்கள். ஏற்கெனவே ஒரு டேங்கில் இருந்த கல் என்றால் முதலில் வாசனை சேர்க்காத பிளீச், ஒரு பங்குக்குப் பத்துப் பங்கு தண்ணீர், சில நாள் ஊறல். செத்த கரிமப் பொருள் கரைந்துவிடும். பிறகு நன்றாக அலசி, சோடியம் தயோசல்பேட் போட்டுக் குளோரினை முறித்து, வெயிலில் காய வைக்க வேண்டும். பாஸ்பேட் (பாசிக்கு உரமாகும் சத்து) ஊறிப்போன கல் என்றால் அடுத்து ஆசிட் குளியல். ஆசிட்டைத்தான் தண்ணீரில் ஊற்ற வேண்டும், தண்ணீரை ஆசிட்டில் அல்ல. இதிலும் ஒன்றுக்குப் பத்து. கல்லை இறக்கியதும் சோடா மாதிரி பொங்கும், பழுப்பு நுரை ஏறும், மேல் தோல் கரைந்து பாஸ்பேட்டோடு போகும். பிளீச் மிச்சம் இருக்கிற கல்லில் ஆசிட் பட்டால் குளோரின் வாயு. மூடிய பாத்ரூமில் அது உயிருக்கே ஆபத்து. பால்கனியோ மொட்டைமாடியோ இல்லாதவர் ஆசிட் பக்கம் போகக் கூடாது என்பது என் கட்சி. 2013 உச்ச நீதிமன்ற உத்தரவுக்குப் பிறகு கடையில் ஆசிட் வாங்க அடையாள அட்டையும் காரணமும் கேட்பார்கள், அதுவும் நல்லதுக்குத்தான்.

இத்தனையும் செய்தபின் கையில் இருப்பது சுத்தமான, வெறும் கல். அம்மோனியம் குளோரைடு போட்டு அமோனியாவை 2 பிபிஎம்முக்கு (லிட்டருக்கு 2 மில்லிகிராம்) கொண்டுவந்து, பாட்டில் பாக்டீரியா விட்டு சைக்கிள் ஓட்ட, அதாவது அந்தப் பாக்டீரியாவைப் பெருக்க வேண்டும். போட்ட அமோனியாவும் அதிலிருந்து வரும் நைட்ரைட்டும் ஒரே நாளில் ஜீரோ ஆனால்தான் மீன். அதற்கப்புறமும் பழுப்பு டயட்டம், சிவப்புச் சளி, முடிப் பாசி என்று ஒரு அசிங்கமான காலம் உண்டு. ஈரக் கல்லில் இது குறைவு, ஒப்புக்கொள்கிறேன்.

செராமிக் கல், ஊதா நிறம் பூசிய ரெடிமேட் கல் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. சுத்தம், சட்டச் சிக்கல் இல்லை, பார்க்க லட்சணம். பர்ஸ் தாங்கினால் வாங்கலாம்.

எனக்குப் பிடித்தது சிமெண்ட் கல். ஒரு பங்கு வெள்ளை சிமெண்ட், நாலு பங்கு சிப்பித் தூளும் கல் உப்பும். கிராஃபர்ட் மார்க்கெட்டில் பறவைக் கடைப் பக்கம் கூண்டுப் பறவைகளுக்குப் போடும் சிப்பித் தூளைக் கேட்டுப் பாருங்கள். கலவையைக் கொழுக்கட்டை மாவு பதத்துக்குப் பிசைந்து, ஈர மணலில் குழி பறித்து அதில் கொட்டி, விரலால் அங்கங்கே துளை போட்டால் குகையும் வளைவும் நம் இஷ்டப்படி வரும். இறுகியதும் தண்ணீரில் போட்டால் உப்பு கரைந்து துளைகள் திறக்கும். புது சிமெண்ட் தண்ணீரின் பிஹெச்சை 12-க்கு மேல் ஏற்றிவிடும், மீன் தாங்காது. தினமும் தண்ணீர் மாற்றி, இரண்டு நாள் மாற்றாமல் விட்டும் 8.5-ஐத் தாண்டவில்லை என்று ஆகும்வரை ஊற வேண்டும். ஒன்றிரண்டு மாதம் ஆகலாம். நாற்றம் மட்டும் கிடையாது, மாமியும் வரமாட்டார். இந்த ஊறலுக்கு முனிசிபாலிட்டித் தண்ணீரே போதும். டேங்குக்கு உப்பு கலக்க ஆர்ஓ-டிஐ (ஃபில்டரிலும் ரெசினிலும் விட்டுத் தாது நீக்கிய) தண்ணீர்தான். மும்பை மாநகராட்சித் தண்ணீர் மென்மையானது என்பதால் ரெசின் சீக்கிரம் தீராது. குறை என்றால், கனம் அதிகம், உள் துளை குறைவு. சம்ப்பில் (டேங்குக்குக் கீழே உள்ள வடிகட்டித் தொட்டி) செராமிக் மீடியா (பாக்டீரியா குடியேறும் துளைக் கட்டிகள்) சேர்த்து அதை ஈடுகட்டலாம்.

காய்ந்த கல்லோ சிமெண்ட் கல்லோ, உயிர் ஏற்றுவதற்கு நான் சொல்லும் இன்னொரு வழி: பழைய டேங்க் வைத்திருப்பவரின் சம்ப்பிலிருந்து நாலைந்து செராமிக் மீடியாத் துண்டுகள். அவர் டேங்க் தண்ணீரிலேயே டப்பாவில் வாங்கி வந்து அன்றைக்கே நம் சம்ப்பில் போட்டுவிட வேண்டும். அவரிடம் ஐப்டேசியா இல்லையா என்று முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள்.

இரண்டில் எது என்று முடிவாகாவிட்டால் காலண்டரைப் பாருங்கள். ஜூன் முதல் செப்டம்பர் வரை இங்கே கல் காயாது, ஆனால் சிமெண்ட் ஊறலுக்கு மழையால் ஒரு நஷ்டமும் இல்லை. அக்டோபருக்கு மேல் வெயில் வந்தபின் என்றால் காய்ந்த கல்லை எடுக்கலாம், மொட்டைமாடிச் சாவியை சொசைட்டி செகரட்டரி தருவார் என்றால்.