டர்போ காரின் ஸ்பார்க் பிளக்: 98,000 கிலோமீட்டரில் மாற்றிய மூன்று செட்டுகள்

2020 அக்டோபரில் வாங்கிய என் காரில் இருப்பது 1.0 லிட்டர், மூன்று சிலிண்டர், நேரடி எரிபொருள் தெளிப்புக் கொண்ட டர்போ பெட்ரோல் எஞ்சின். வார நாட்களில் கோவை நகருக்குள் ஏழு கிலோமீட்டர் அலுவலகப் பயணம், மாதம் ஒரு முறை சென்னை, ஆண்டுக்கு நான்கைந்து முறை வால்பாறை என்று ஓடி, வண்டி இப்போது 98,000 கிலோமீட்டரைத் தொட்டிருக்கிறது. இதற்குள், எஞ்சினுக்குள் பொறி எழுப்பிப் பெட்ரோல் கலவையைப் பற்றவைக்கும் ஸ்பார்க் பிளக்குகளை மூன்று முறை மாற்றிவிட்டேன். அவற்றில் இரண்டு மாற்றங்கள் நேர்ந்திருக்கவே வேண்டியதில்லை. பிளக் வாங்கும்போது நான் உலோகத்தையும் பிராண்டையும் பார்த்தேனே தவிர, அதன் இரு முனைகளுக்கு இடையிலான இடைவெளியையும், முனை எவ்வளவு விரைவில் ஆறும் என்று காட்டும் வெப்ப எண்ணையும் பார்க்கவில்லை. டர்போ எஞ்சினில் முதலில் பார்க்க வேண்டியவை அந்த இரண்டும்தான்.

கம்பெனியிலிருந்து வந்த முதல் செட் 52,000 கிலோமீட்டர் வரை எந்தக் குறையும் இல்லாமல் உழைத்தது. கையேடு 60,000 என்று சொன்னாலும், நெடும்பயணம் ஒன்று வரவிருந்ததால் சற்று முன்னதாகவே மாற்றிவிடலாம் என்று வழக்கமாகச் செல்லும் பட்டறைக்குப் போனேன். "இது இரிடியம்ங்க அண்ணா, ஒரு லட்சம் கிலோமீட்டருக்குத் தொடவே வேண்டாம்ங்க" என்று சொல்லி மூன்று புதிய பிளக்குகளை மாட்டிக் கொடுத்தார்கள். மரை பொருந்தியது, நீளம் பொருந்தியது, நகருக்குள் வண்டியும் சீராகவே ஓடியது.

ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு ஏறும் நாற்பது கொண்டை ஊசி வளைவுகளில் பத்தாவதைக் கூடத் தாண்டவில்லை. வளைவு முடிந்து இரண்டாம் கியரில் ஆக்ஸிலரேட்டரை அழுத்தும் ஒவ்வொரு முறையும் வண்டி வெட்டி வெட்டி இழுத்தது. சற்று நேரத்தில் எஞ்சின் விளக்கு மினுக்கத் தொடங்கியது. அந்த விளக்கு நிலையாக எரிவது வேறு, மினுக்குவது வேறு. மினுக்கினால், எரியாத பெட்ரோல் சைலன்சர் பாதைக்குள் போய்க்கொண்டிருக்கிறது, அங்கே புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிடிக் கன்வெர்ட்டர் சூடேறிப் பாழாகலாம் என்று பொருள். காலைத் தளர்த்தி, டர்போ அழுத்தம் கூடாதபடி மெதுவாக மேலே போய்ச் சேர்ந்தேன்.

ஊர் திரும்பியதும் ஸ்கேனரில் பி0302 என்ற குறியீடு வந்தது. இரண்டாவது சிலிண்டரில் மிஸ்ஃபயர், அதாவது கலவை சரியாகப் பற்றவில்லை என்பது அதன் பொருள். பட்டறையில் உடனே காயிலை, அதாவது பிளக்குக்கு உயர் மின்னழுத்தம் தரும் பாகத்தை, மாற்றச் சொன்னார்கள். காயில் விலை அதிகம் என்பதால் இரண்டாவது சிலிண்டரின் காயிலை மூன்றாவதற்கு மாற்றிப் போட்டு ஓட்டிப் பார்த்தேன். காயில் பழுதாக இருந்தால் குறியீடும் அதனுடன் பி0303 ஆக நகர்ந்திருக்க வேண்டும். அது நகரவில்லை. பிளக்குகளைக் கழற்றிக் கம்பி வகை கேஜால் அளந்தபோது மூன்றிலும் இடைவெளி 1.1 மில்லிமீட்டர் இருந்தது. என் காரின் கையேடு கேட்பதோ 0.75.

இந்த 0.35 மில்லிமீட்டர் ஏன் இவ்வளவு பெரிய விஷயம் என்பதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். பிளக்கின் இரு முனைகளுக்கும் இடையே பொறி தாவத் தேவைப்படும் மின்னழுத்தம், அந்த இடைவெளியின் அகலத்தையும் அங்கே அடைந்திருக்கும் வாயுவின் அடர்த்தியையும் பொறுத்தது. இரண்டில் எது கூடினாலும் மின்னழுத்தமும் கூடியாக வேண்டும். டர்போ இல்லாத எஞ்சினில் 1.0 அல்லது 1.1 மில்லிமீட்டர் இடைவெளி தாராளமாகப் பொருந்தும், பெரிய பொறி கலவையை நன்றாகப் பற்றவைக்கவும் செய்யும். டர்போ கூடுதல் காற்றைத் திணிக்கும்போது அதே இடைவெளியைத் தாவக் காயிலின் சக்தி போதாமல் போகிறது. சமதளத்தில் மெதுவாக ஓடும்போது டர்போ அழுத்தம் குறைவு என்பதால் இந்தக் குறை வெளியே தெரியாது. குறைந்த சுழற்சியில் முழுப் பாரத்தையும் இழுக்கும் மலையேற்றத்தில்தான் அது தெரியவரும். எனக்கும் அப்படியே தெரியவந்தது.

பிளக்கின் உடலில் அச்சிட்டிருக்கும் குறியீட்டைப் படித்திருந்தால் இதைக் கடையிலேயே தவிர்த்திருக்கலாம். பழைய, எளிய எடுத்துக்காட்டாக என்ஜிகே நிறுவனத்தின் பிகேஆர்6இ-11 என்ற பிளக்கை எடுத்துக்கொள்வோம். முதல் எழுத்து 14 மில்லிமீட்டர் மரையைக் குறிக்கிறது, ஆர் என்பது உள்ளே மின்தடை இருப்பதை, 6 வெப்ப எண்ணை, இ 19 மில்லிமீட்டர் மரை நீளத்தை, கடைசியில் வரும் 11 என்பது 1.1 மில்லிமீட்டர் இடைவெளியை. எனக்கு மாட்டிய பிளக்கின் குறியீடும் 11 என்றே முடிந்திருந்தது. அதையே வளைத்து 0.75-க்குக் கொண்டுவரலாமே என்று கேட்பவர்கள் உண்டு. நிக்கல் பிளக்கில் அதைச் செய்யலாம். இரிடியம் பிளக்கின் நடு முனை 0.4 அல்லது 0.6 மில்லிமீட்டர் தடிமனே உள்ள ஊசி. கருவி அதில் பட்டால் உடைந்துவிடும். அவ்வளவு தூரம் வளைத்தால் மேல்முனையும் இணையாக நிற்காது. அதனால் அந்தச் செட்டை ஒதுக்கி வைத்தேன்.

அடுத்து செய்தது வேறு வகைப் பிழை. டர்போ காருக்குக் குளிர்ந்த பிளக்தான் நல்லது என்று பலர் சொல்லக் கேட்டு, இடைவெளியைச் சரியாகப் பார்த்து, வெப்ப எண்ணில் மட்டும் ஒரு படி குளிர்ந்ததை வாங்கினேன். சூடான பிளக், குளிர்ந்த பிளக் என்பது பொறியின் சூட்டைக் குறிப்பதன்று. முனையிலுள்ள பீங்கான் மூக்கு நீளமாக இருந்தால் சூடு வெளியேறும் பாதை நீண்டு முனை சூடாகவே இருக்கும். குட்டையாக இருந்தால் விரைவில் ஆறிவிடும். முனை ஏறக்குறைய 450 டிகிரியைத் தாண்டினால்தான் அதில் படியும் கரி தானாக எரிந்து நீங்கும். 800 டிகிரிக்கு மேல் போனாலோ பொறி வரும் முன்பே கலவை பற்றிக்கொள்ளும் அபாயம் உண்டு. என்ஜிகே, டென்சோ பிளக்குகளில் எண் கூடினால் குளிர்ச்சி கூடுகிறது. போஷ் பிளக்கில் எண் குறைந்தால்தான் குளிர்ச்சி. பிராண்டு மாற்றி வாங்குபவர்கள் இந்த இடத்தில் மிகவும் கவனமாக இருக்க வேண்டும்.

அந்தக் குளிர்ந்த செட் இருந்த ஆறு மாதங்களில் சென்னைப் பயணம் எதுவும் அமையவில்லை. ஓடிய 3,500 கிலோமீட்டரும் நகருக்குள்தான். காலையில் ஸ்டார்ட் செய்ய வழக்கத்தைவிட நேரம் பிடித்தது, சிக்னலில் நிற்கும்போது ஸ்டியரிங்கில் மெல்லிய உதறல் தெரிந்தது. கழற்றிப் பார்த்தால் மூன்று முனைகளிலும் விரலில் ஒட்டும் உலர்ந்த கரி, விளக்குக் கண்ணாடியில் படியும் புகைக்கரி போல. எஞ்சினின் ட்யூனிங்கை மாற்றி அழுத்தத்தைக் கூட்டியவர்களுக்குக் குளிர்ந்த பிளக் தேவைப்படலாம். என்னைப் போல் வண்டியை வந்தபடியே குறுகிய தூரங்களுக்கு ஓட்டுபவர்களுக்கு அது நல்லதைவிடத் தொல்லையையே தரும் என்பது என் உறுதியான கருத்து.

58,000-இல் கையேட்டில் உள்ள பாக எண்ணையே சொல்லி, அதே வெப்ப எண்ணும் அதே இடைவெளியும் கொண்ட இரிடியம் செட்டை வாங்கி, இம்முறை நானே மாட்டினேன். எஞ்சின் முழுதும் ஆறிய பிறகு, பிளக் குழியிலிருந்த தூசியைக் காற்றடித்து நீக்கி, பிளக்கின் தலையில் ஒரு ரப்பர் குழாய்த் துண்டைச் செருகி, விரலால் மட்டும் திருகி இறக்கினேன். மரை கோணலாக ஏறினால் குழாய் கையில் வழுக்கும், எஞ்சினிலுள்ள அலுமினிய மரை தப்பிக்கும். இறுதி முறுக்கத்தை, இறுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சில் வைத்தேன். எஞ்சினின் அலுமினிய சிலிண்டர் தலையில் பொதுவாக 14 மில்லிமீட்டர் பிளக்குக்கு 25 முதல் 30 நியூட்டன் மீட்டரும், 12 மில்லிமீட்டருக்கு 15 முதல் 20-உம் போதும், ஆனாலும் கையேட்டின் அளவே முடிவானது. பூச்சுள்ள மரையில் கிரீஸ் தடவக் கூடாது. தடவினால் ரெஞ்ச் காட்டுவதைவிட உண்மையில் கூடுதலாக இறுகிவிடும்.

இந்தச் செட்டில் இப்போது 40,000 கிலோமீட்டர் முடிந்திருக்கிறது. வால்பாறைக்கு எட்டு முறை ஏறியும் ஒருமுறைகூட உதறல் இல்லை. சென்ற மாதம் கழற்றிப் பார்த்தபோது பீங்கான் மூக்கு வெளிர் பழுப்பாக இருந்தது. உலோக உடலுக்குச் சற்று மேலே வெள்ளைப் பீங்கானைச் சுற்றிப் பழுப்பு வளையம் ஒன்று படிந்திருந்தது. அதைக் காட்டி வாயு கசிகிறது என்று பிளக்கை மாற்றச் சொல்பவர்கள் உண்டு. உயர் மின்னழுத்தத்தைச் சுற்றியுள்ள மின்புலம் காற்றிலுள்ள எண்ணெய்த் துகள்களை இழுப்பதால் வரும் கறையாகவே அது பெரும்பாலும் இருக்கும். அதனால் கெடுதல் இல்லை. இடைவெளி மூன்றிலும் 0.80-க்குள் இருந்ததால் அதே சிலிண்டர்களில் திரும்ப மாட்டிவிட்டேன். கையேடு 60,000 வரை அனுமதித்தாலும், மலையேற்றமும் நகர நெரிசலும் சேர்ந்த என் ஓட்டத்துக்கு இந்தச் செட் 50,000-ஐ எட்டியதும் அதே பாக எண்ணில் புதிய செட் மாட்டுவதாக முடிவு செய்து, சர்வீஸ் புத்தகத்தில் குறித்து வைத்திருக்கிறேன்.