போர்ட்டோவில் டூர் புக் செய்யப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுச் செய்யுங்கள்

நேற்று மதியம் நடந்தது. இன்னும் கோபம் அடங்கவில்லை, எழுத்து முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். 184 யூரோ போய்விட்டது. கடைசியில் விவரமாக ஆலோசனை சொல்கிறேன், முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

நானும் அம்மாவும் போர்ச்சுகல் வந்து ஐந்து நாள் ஆகிறது. லிஸ்பன் மேட்டில் ஏறி இறங்கியதில் அம்மாவுக்கு முழங்கால் வீங்கிவிட்டது. போர்ட்டோவில் ஒரு நாளாவது ஓட்டம் இல்லாமல், நாலு இடம் பார்த்து, நல்லதாகச் சாப்பிட்டு வரலாம் என்று நினைத்தேன். ஊர் ஊராக டூர் விற்கிற ஒரு ஆப்பில் 'நிதானமான நகர உலா' என்று ஒன்று இருந்தது. சாவ் பென்ட்டோ ரயில் நிலையம், ஆற்றங்கரையில் மதியச் சாப்பாடு, டோரு ஆற்றில் ஆறு பாலங்களையும் சுற்றிவரும் படகு, அக்கரையில் காயாவில் ஒரு ஒயின் கிடங்கு, திரும்ப மேலே வர கேபிள் கார். இரண்டு பேருக்கு 184 யூரோ, மொத்தமும் முன்கூட்டியே. அம்மா ஒயினைத் தொட மாட்டார். ஆனால் இருட்டில் வரிசையாகப் படுத்திருக்கும் பெரிய பீப்பாய்களைப் பார்த்தே ஆக வேண்டும் என்று ஆசை.

முந்தின இரவே அந்த வழிகாட்டிப் பையன் செய்தி அனுப்பினான். "அம்மாவுக்குப் படி ஏற முடியுமா? மாட்டிறைச்சி, பன்றி சாப்பிடுவாரா?" சாப்பிட மாட்டார் என்றதும், அப்படியென்றால் ஃபிரான்செசிஞ்ஞா என்ற இந்த ஊர் சாண்ட்விச் வேண்டாம், அதில் ஹாம், தொத்திறைச்சி, மாட்டிறைச்சி மூன்றும் இருக்கும், மீன் சொல்லிவிடுகிறேன் என்றான். இவ்வளவு அக்கறையாகக் கேட்கிறவன் ஏமாற்றுவான் என்று யாருக்குத் தோன்றும்?

காலையில் சொன்ன நேரத்துக்குச் சொன்ன இடத்தில் நின்றான். வந்ததும் முதல் வேலையாக என் போனில் இருந்த கியூஆர் கோடை ஸ்கேன் செய்தான். "வருகைப் பதிவுக்கு" என்றான். சரி என்று நீட்டினேன். அப்புறம் நிலையத்தின் ஓடுகளைக் காட்டினான். நீலமும் வெள்ளையுமாகச் சுமார் 20,000 ஓடுகள், அதில் 1415-இல் போர்ச்சுகீசியர்கள் வட ஆப்பிரிக்காவின் செயூட்டா நகரைப் பிடித்த காட்சியும் ஒன்று. அதன் கீழே எங்களை நிற்கவைத்து, "சிரிங்கள்" என்று படம் எடுத்தான். நாங்களும் பல் தெரியச் சிரித்தோம். இந்தப் படத்தை மறந்துவிடாதீர்கள்.

ஆற்றங்கரைப் பகுதியான ரிபெய்ராவுக்கு இறங்கும் வழியெல்லாம் கருங்கல் பாவிய சரிவு. அம்மாவின் கையைப் பிடித்து அழைத்துப்போனான். 'மாய்ங்', 'மாய்ங்' என்று கூப்பிட்டான், போர்ச்சுகீசியத்தில் அம்மா என்று அர்த்தமாம். "நம்ம வீட்டுப் பையன் மாதிரி இருக்கான்டி" என்றார் அம்மா. சொன்ன விவரமெல்லாமும் சரியானதுதான்: தோம் லுயீஸ் பாலம் 1886-இல் திறந்தது, ஒயின் விளையும் டோரு பள்ளத்தாக்குக்கு 1756-இலேயே எல்லை போட்டார்கள், பாதி நொதிக்கும்போதே பிராந்தி ஊற்றி நிறுத்திவிடுவதால்தான் போர்ட் ஒயினில் இனிப்பு தங்குகிறது. படித்துவிட்டுத்தான் ஏமாற்ற வந்திருக்கிறான்.

ஆற்றோரம் ஒரு உணவகத்தில் உட்காரவைத்து, அவனே பேசி, சுட்ட மத்தி மீனும் பக்கல்யாவ் அ பிராஸும் சொன்னான். உப்பிட்ட காட் மீனை உதிர்த்து, முட்டையும் மெல்லிசாக நறுக்கிப் பொரித்த உருளைக்கிழங்கும் சேர்த்துக் கிளறுவது. "பணம் கட்டியாகிவிட்டது, சாப்பிடுங்கள். படகு டிக்கெட் எடுத்துக்கொண்டு பத்து நிமிடத்தில் வருகிறேன்" என்று போனான்.

போனவன் போனவன்தான்.

முக்கால் மணி நேரம் கழித்து பில் வந்தது, 43 யூரோ. யாரும் எதுவும் கட்டவில்லை. கேட்காமலே வைத்த ரொட்டிக்கும் ஆலிவுக்கும்கூடக் கணக்கு இருந்தது. உணவகத்தார் மேல் குற்றம் சொல்ல மாட்டேன், சாப்பாடு அருமை, அந்த 43-ஐ நஷ்டத்தில் சேர்க்கவும் இல்லை. படகுக் கவுன்டரில் எங்கள் பெயரில் டிக்கெட் இல்லை. ஒருவேளை கிடங்கில் இருப்பானோ என்று அம்மாவை மெதுவாக நடத்தி, பாலத்தின் கீழ்த்தளம் வழியாக அக்கரைக்குப் போனோம். அங்கே இருந்த பெண் பட்டியலை இரண்டு முறை பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினாள். அதாவது 184 யூரோ வாங்கிக்கொண்டு அவன் காட்டியது ஒரு ரயில் நிலையம், ஒரு தெரு, ஒரு பாலம். மூன்றும் இலவசம்!

அப்புறம் ஆப்காரர்கள். முதலில் பேசியது இயந்திரம்: "உங்கள் உலா இனிதே நிறைவடைந்தது." நாங்கள் ஆற்றங்கரையில் வெயிலில் நிற்கிறோம், நிறைவடைந்ததாம். ஒரு மணி நேரம் போராடி மனிதர் ஒருவர் கிடைத்தார். கோடு ஸ்கேன் ஆகிவிட்டதால் பணம் திரும்பாது, வழிகாட்டியிடமே பேசிக்கொள்ளுங்கள் என்றார். அவன் போனை எடுக்கவில்லை என்றேன். சாட் மூடிவிட்டது. மறுபடி திறந்தால் வேறு ஆள், முதலிலிருந்து எல்லாம் சொல்ல வேண்டும். மூன்றாவது ஆள் ஆதாரம் என்று ஒரு படம் அனுப்பினார். ஓடுகளுக்குக் கீழே நானும் அம்மாவும் பல் தெரியச் சிரிக்கிறோம். "வாடிக்கையாளர் மகிழ்ச்சியுடன் கலந்துகொண்டதற்குச் சான்று." வங்கியில் கேட்டால், ஓடிபி போட்டது நீங்கள்தானே என்கிறார்கள். ஆமாம், நான்தான்.

அம்மா எதுவும் சொல்லவில்லை. ராத்திரி விளக்கை அணைத்த பிறகு, "கையைப் பிடிச்சுக் கூட்டிட்டு வந்தானேடி" என்றார். 184 யூரோவைவிட அதுதான் எனக்கு எரிகிறது.

ஆலோசனை சொல்கிறேன் என்றேன் இல்லையா. உட்கார்ந்து எழுதப் பொறுமை இல்லை, சுருக்கமாக: கியூஆர் கோடை ஆரம்பத்திலேயே ஸ்கேன் செய்யக் கொடுக்காதீர்கள், படகு, கிடங்கு டிக்கெட்டைக் கண்ணால் பார்த்த பிறகு கொடுங்கள். கிடங்குக்கு நேரடியாக அவர்களிடமே முன்பதிவு செய்யுங்கள், படகுக்குக் கரையிலேயே கவுன்டர் இருக்கிறது. மேசையில் வைத்த ரொட்டி வேண்டாமென்றால் தொடாதீர்கள், தொடாததற்குப் பணம் கேட்கக் கூடாது. இங்கே கடைகளில் புகார்ப் புத்தகம் வைத்திருக்க வேண்டும் என்று சட்டமே உண்டு, 'லிவ்ரு டி ரெக்லமசோய்ஷ்' என்று கேளுங்கள், இணையத்திலும் எழுதலாம். எங்கள் ஆளுக்குக் கடையே இல்லை, அது வேறு விஷயம்.

நகர மன்றத்துக்குப் பக்கத்தில் சுற்றுலாப் பயணிகளுக்கென்றே ஒரு காவல் நிலையம் இருக்கிறதாம், உணவகத்துக்காரர்தான் சொன்னார். அம்மா செருப்பு மாட்டிக்கொண்டு தயாராக நிற்கிறார். அங்கேதான் கிளம்புகிறோம்.