ஜீயஸின் மின்னலா, இந்திரனின் வச்சிரமா: எங்கள் வாசகசாலைக்கு வாங்கிய தொடர்

சுசீந்திரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் வாசகசாலையில் சனிக்கிழமை மாலை பிள்ளைகள் பகுதியை நான் பார்த்துக்கொள்கிறேன். ஏழாவது, எட்டாவது படிக்கிற பிள்ளைகளுக்கு ஆங்கிலத்தில் ஒரு கதைத்தொடர் முழுதாக வாங்கித் தரலாம் என்று இந்த வருடம் முடிவானது. பணம் ஒரு தொடருக்குத்தான் இருந்தது. புராணத்தை இன்றைய பிள்ளைகளின் வாழ்க்கைக்குள் கொண்டுவரும் தொடராக இருக்கட்டும் என்று தேடியதில் இரண்டு மிஞ்சின. ஒன்று, ரிக் ரியோர்டனின் பெர்சி ஜாக்சன் தொடர். கிரேக்கப் புராணத்தை வைத்து எழுதியது. அதன் முதல் பாகம் 2005-இல் வந்த 'தி லைட்னிங் தீஃப்'. இன்னொன்று, ரோஷனி சோக்‌ஷியின் ஆரு ஷா தொடர். மகாபாரதத்தை வைத்து எழுதியது. அதன் முதல் பாகம் 2018-இல் வந்த 'ஆரு ஷா அண்ட் தி எண்ட் ஆஃப் டைம்'.

முதல் பாகங்கள் இரண்டையும் என் கைக்காசில் வாங்கி, கோடை விடுமுறை முழுக்கப் பிள்ளைகளிடம் சுற்றுக்கு விட்டேன். நானும் படித்தேன். கடைசியில் ஆரு ஷாவின் மிச்ச நான்கு பாகங்களை வாங்கினோம். இரண்டில் நன்றாகக் கட்டிய கதை எது என்று கேட்டால் பெர்சியைத்தான் சொல்வேன். அப்படியிருந்தும் இந்த முடிவுக்கு ஏன் வந்தோம் என்று சொல்ல வேண்டும்.

இரண்டும் ஒரே குடும்பத்துப் புத்தகங்கள்தான். பெர்சி புகழ்பெற்ற பிறகு, மற்ற நாட்டுப் புராணங்களை அந்தந்தப் பண்பாட்டு எழுத்தாளர்களே எழுதட்டும் என்று ரியோர்டனின் பெயரில் ஒரு பதிப்பு வரிசை தொடங்கியது. அதில் வந்த முதல் புத்தகம் ஆரு ஷா. அதனால் எலும்புக்கூடு கிட்டத்தட்ட ஒன்றே. இரண்டிலும் 12 வயதுப் பிள்ளை. கதை தொடங்குவது அருங்காட்சியகத்தில். தெய்வம்தான் தகப்பன் என்று பிறகு தெரியவரும். அம்மாவைப் பறிகொடுக்க நேரும், ஒரு கெடு விழும், பாதாளம் வரை போய்த் திரும்ப வேண்டும். விலை, தாளின் தரம், அட்டை இதிலெல்லாம் பெரிய வித்தியாசம் இல்லை. பக்கங்களும் ஏறக்குறைய ஒரே அளவுதான்.

பெர்சியின் பலம் வேகம். முதல் அத்தியாயத்திலேயே கணக்கு டீச்சர் இறக்கை முளைத்த பேயாக மாறிப் பாய்கிறாள். பெர்சி தன் வாயாலேயே கதை சொல்வதால் பக்கத்தில் உட்கார்ந்து கேட்பது போல இருக்கும். தெய்வங்களின் அரசன் ஜீயஸின் மின்னல் களவு போய்விட்டது, பழி இவன் தலையில். வருடத்தின் மிக நீண்ட பகல் வரும் ஜூன் 21-க்குள் கண்டுபிடிக்காவிட்டால் தெய்வங்களுக்குள் சண்டை மூளும். முடிச்சு இவ்வளவுதான், ஆனால் ஒரு இடத்திலும் தொய்வதில்லை.

மயிலாடிப் பக்கத்திலிருந்து வரும் பையன் ஒருவன். அவன் வீட்டை ஒட்டியே கல்சிற்பப் பட்டறை. கண்ணைப் பார்த்தவர்களைக் கல்லாக்கும் மெடூசா வரும் அத்தியாயத்தை அவன் மூன்று தடவை படித்தான். சாலையோரத்தில் சிமெண்டு பொம்மை விற்கும் ஒரு கடை, பசியோடு வரும் பிள்ளைகளுக்குச் சாப்பாடு போடும் முக்காடிட்ட பெண், தோட்டம் முழுக்கச் சிலைகள். அந்தச் சிலைகளின் முகத்தில் பயம் அப்படியே உறைந்திருக்கும். "அக்கா, சிற்பிக்குக் கண்ணு திறக்கதுதான் கடைசி வேலை. இங்க கண்ணப் பாத்ததும் கல்லாயிருதான்" என்றான். எனக்குத் தோன்றவே தோன்றாத பொருத்தம் அது.

இன்னொன்றையும் சொல்லாமல் விட்டால் பெர்சிக்கு அநியாயம் செய்ததாகிவிடும். படிக்க உட்கார்ந்தால் பெர்சிக்கு எழுத்துகள் மிதக்கும். வாசிக்கத் திணறுவான், ஓரிடத்தில் உட்காரவும் முடியாது. டிஸ்லெக்சியாவும் ஏடிஹெச்டியும் இருந்த தன் மகனுக்காகச் சொல்லத் தொடங்கிய கதைதான் இது என்று ரியோர்டன் சொல்லியிருக்கிறார். அவர் பல வருடம் பள்ளி ஆசிரியராக இருந்தவர். வாசிப்பில் பின்தங்கிய பிள்ளை உங்கள் வீட்டில் இருந்தால் நான் கீழே எழுதியிருப்பதை விட்டுவிடுங்கள். பெர்சியையே வாங்குங்கள். குறை என்று ஊரே சொன்னது இந்தக் கதையில் வீரனின் அடையாளமாகிறது. அந்த ஆறுதலை ஆரு தர மாட்டாள்.

சரி, ஆரு ஷாவுக்கு வருகிறேன். அட்லாண்டா நகரத்தில் இந்தியக் கலை அருங்காட்சியகத்திலேயே குடியிருக்கும் பெண். வகுப்பில் தன்னைப் பெரிதாகக் காட்டிக்கொள்ளப் பொய் சொல்லும் பழக்கம். கூடப் படிப்பவர்கள் மூன்று பேர் வீட்டு வாசலில் வந்து நின்று சவால் விட, அம்மா தொடாதே என்று சொன்ன விளக்கை ஏற்றிவிடுகிறாள். காலம் உறைந்துபோகிறது, தூங்கிக்கொண்டிருந்த கேடு விழித்துக்கொள்கிறது. தன்னுள் இருப்பது அர்ச்சுனனின் ஆன்மா, இந்திரன் தன் தகப்பன் என்று பிறகு தெரிகிறது. துணைக்கு வருகிறவள் மினி. தருமரின் ஆன்மா அவளுக்குள். எதைத் தொட்டாலும் நோய் வரும் என்று பயப்படுகிற பிள்ளை. மினி என்ற பெயரில் எங்கள் தெருவிலேயே இரண்டு பேர் உண்டு என்பதால் அவள் பிள்ளைகளோடு உடனே ஒட்டிக்கொண்டாள்.

குறைகள் உண்டு. நடுப்பகுதி இழுக்கிறது. ஒரு சாவியிலிருந்து அடுத்த சாவிக்கு என்று போகும் அத்தியாயங்களில் இரண்டு பையன்கள் புத்தகத்தை மூடிவிட்டார்கள். அமெரிக்கப் படங்களை வைத்துச் செய்யும் கேலிகள் பக்கத்துக்குப் பக்கம் வருகின்றன. பாதி எங்கள் பிள்ளைகளுக்குப் புரியவில்லை, எனக்கும்தான். முதல் 50 பக்கத்தை மட்டும் வைத்துக் கேட்டிருந்தால் எல்லாரும் பெர்சி பக்கம்தான் கை தூக்கியிருப்பார்கள்.

முடிவை மாற்றியது வேறொரு விஷயம். புத்தகத்தை வீட்டுக்கு எடுத்துப்போன பிள்ளை, படிக்கும்போது சந்தேகம் வந்தால் யாரிடம் கேட்கிறது என்பதுதான் அது. மே மாதம் பாதிக்கு மேல்தான் இதைக் கவனிக்க ஆரம்பித்தேன்.

பெர்சி படித்தவர்கள் என்னிடம் வந்து கேட்டார்கள், இல்லையென்றால் போனில் தேடினார்கள். ஹேடீஸ் யார், சென்டார் என்றால் என்ன, ஒலிம்பஸ் எதற்கு நியூயார்க்கில் 600-ஆவது மாடியில் இருக்கிறது. பதில் ஒரு வரியில் கிடைத்தது, அதோடு பேச்சு முடிந்தது. ஆரு படித்தவர்கள் வாசகசாலைக்கு வரும்போது பதிலோடு வந்தார்கள். அந்தப் பதில்கள் ஒவ்வொன்றும் ஒரு வீட்டிலிருந்து வந்தது.

ஆருவுக்கு வழிகாட்ட ஒரு புறா வருகிறது. அதன் பெயர் சுபல. ஆருவும் மினியும் சுருக்கி 'பூ' என்று கூப்பிடுவார்கள். யார் அது என்பதைப் புத்தகம் வெகுநேரம் மறைத்து வைக்கிறது. ஏழாவது படிக்கும் பெண் ஒருத்தி ராத்திரி திண்ணையில் சத்தமாகப் படித்திருக்கிறாள். பக்கத்தில் வெற்றிலை இடித்துக்கொண்டிருந்த ஆச்சி, "சுபலனா? அது காந்தாரிக்க அப்பனுக்க பேருல்லா மக்களே" என்றிருக்கிறாள். பிள்ளைக்கு அதற்கு மேல் தூக்கம் வரவில்லை. காந்தாரியின் அப்பன் என்றால் சகுனிக்கும் அப்பன், அப்படியானால் இந்தப் புறா நம்பத்தகுந்ததா? அந்தச் சந்தேகத்தோடேயே மிச்சப் புத்தகத்தைப் படித்தாள். புறாவைப் பற்றிய உண்மையை நான் இங்கே உடைக்கப்போவதில்லை. ஆங்கிலம் ஒரு எழுத்து தெரியாத ஆச்சி, அந்தப் புத்தகத்தின் வாசகி ஆகிவிட்டாள் என்பதுதான் எனக்கு முக்கியம்.

இந்திரன் விஷயத்தில் இன்னும் நெருக்கம். இந்திரன் சாபம் நீங்கிச் சுத்தமான ஊர் என்பதால்தான் எங்கள் ஊருக்குச் சுசீந்திரம் என்று பெயர் வந்தது என்பார்கள். அர்த்தஜாமப் பூசையை இந்திரனே வந்து செய்கிறான் என்பது தாணுமாலயன் கோயிலின் ஐதீகம். உள்ளே இருப்பவர்கள் 'அகம் கண்டது புறம் கூறேன்' என்று சத்தியம் செய்துகொடுப்பார்கள் என்று பெரியவர்கள் சொல்லிக் கேட்டிருக்கிறோம். ஆருவின் கையில் வச்சிராயுதம் ஒரு சின்னப் பொன்னிறப் பந்தாக வந்து சேரும் கட்டத்தைப் படித்துவிட்டு ஒரு குட்டி கேட்டாள்: "அப்போ ஆருக்க அப்பா தினமும் ராத்திரி நம்ம கோயிலுக்கு வாராரா அக்கா?" எனக்குச் சிலிர்த்துவிட்டது. அட்லாண்டாவில் நடக்கும் கதை, தெப்பக்குளம் தாண்டி எங்கள் ரதவீதிக்குள் நடந்து வந்த மாதிரி. அனுமன் வரும் பக்கத்தைப் படித்தபோதும் அப்படித்தான். எங்கள் பிள்ளைகளுக்கு அனுமன் என்றால் அண்ணாந்து பார்த்தே பழகிய அந்த 18 அடி உருவம்.

எதிர்ப்பும் வந்தது. பாண்டவர்களைப் பெண்பிள்ளைகளாக்கிவிட்டார்களே என்று ஒரு பையனின் பாட்டாவுக்கு மனத்தாங்கல். "இதெல்லாம் பிள்ளைகளுக்குப் படிக்கக் கொடுக்கலாமா?" என்று நேரிலேயே வந்து கேட்டார். எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. பிள்ளைகளின் செருப்பு கிடந்த படியில் உட்கார்ந்திருந்த இன்னொரு வீட்டுப் பாட்டிதான், "அர்ச்சுனன் ஒரு வருசம் பிருகன்னளையா பொம்பள வேசத்துல ஆட்டம் சொல்லிக் கொடுக்கலியா? அப்போ மட்டும் அவன் அர்ச்சுனன் இல்லியா?" என்று கேட்டாள். பாட்டா கொஞ்சநேரம் நின்றார். அப்புறம் விராடபர்வத்தை முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்துவிட்டார். அன்று வாசகசாலையைப் பூட்ட ஏழரை மணியாகிவிட்டது.

பிள்ளைகள் புத்தகத்தையே மடக்கிய இடமும் உண்டு. "விளக்கு ஏத்துனா நல்லதுதானே அக்கா வரும்?" என்றாள் ஒருத்தி. அந்தி சாய்ந்ததும் விளக்கு வைக்கும் வீட்டில் வளர்ந்த பிள்ளைக்கு, விளக்கேற்றியதால் கேடு விழித்தது என்பது ஏற்கவில்லை. நியாயமான கேள்வி. கிரேக்கக் கதையைப் பார்த்து அவளால் இப்படிக் கேட்டிருக்க முடியாது. ஜீயஸ் எப்படி இருக்க வேண்டும் என்று அவளுக்கு ஒரு எண்ணமே கிடையாது.

இங்கே ஒன்றை நேர்மையாகச் சொல்ல வேண்டும். எங்கள் மாவட்டத்தில் எல்லா வீட்டிலும் மகாபாரதம் சொல்லும் ஆச்சி இருக்க மாட்டாள். மணக்குடிப் பக்கத்துக் கடற்கரைக் கிராமத்திலிருந்து இரண்டு கத்தோலிக்கப் பிள்ளைகள் வருகிறார்கள். பாண்டவர்களை அவர்களுக்கு டிவி பார்த்துத்தான் தெரியும். அதில் ஒருத்திக்குப் பெர்சியைத்தான் பிடித்தது. பெர்சி கடல் தெய்வமான பொசைடனின் மகன். தண்ணீரில் கால் வைத்ததும் அவன் காயம் ஆறும், தெம்பு வரும். அவள் அப்பா வள்ளத்தில் போகிறவர். "உப்புத்தண்ணி பட்டா புண்ணு எரியத்தானே செய்யும்?" என்று அவரிடம் கேட்டிருக்கிறாள். முதலில் எரியும், அப்புறம் சீக்கிரம் காயும் என்று அவர் சொன்னாராம். கடலைப் பற்றிக் கேட்க அவளுக்கு வீட்டில் ஆள் இருந்தது, அந்தப் புத்தகம் அவளுக்கு ஒட்டிக்கொண்டது. அவர்கள் கரையில் இந்த வாசகசாலை இருந்திருந்தால் நான் வேறு முடிவு எடுத்திருக்கலாம். இரண்டு பிள்ளைகளை வைத்து அதற்கு மேல் சொல்லத் தெரியவில்லை. பெர்சியின் முதல் பாகம் அலமாரியிலேயே இருக்கிறது. அடுத்த வருடம் பணம் வந்தால் மிச்சத்தையும் வாங்குவேன்.

ஆரு ஷாவின் மூன்றாம் பாகத்துக்கு மேல் நான் இன்னும் படிக்கவில்லை என்பதால் தொடர் எப்படி முடிகிறது என்று கேட்காதீர்கள். இரண்டாம் பாகம் முதலாவதைவிட இறுக்கமாக இருக்கிறது. பீமனின் ஆன்மா கொண்ட பெண் அதில்தான் வருகிறாள். முதல் பாகத்தில் பீமன் இல்லாதது எங்கள் ஊரில் பெரிய குறை. சிவராத்திரிக்குச் சிவாலய ஓட்டம் ஓடுகிற ஊர்க்காரர்கள் நாங்கள். முஞ்சிறைத் திருமலையில் தொடங்கித் திருநட்டாலம் வரை 12 கோயில், பனையோலை விசிறியோடு 'கோவிந்தா கோபாலா' என்று ஓட்டம். பாதி மனிதனும் பாதி மிருகமுமான புருஷாமிருகம் துரத்தத் துரத்தப் பீமன் ஓடிய வழி அது. கண்ணன் கொடுத்த ருத்திராட்சத்தை அவன் ஒவ்வொன்றாகக் கீழே போட்டான், ஒவ்வொன்றும் சிவலிங்கமானது. கடைசியில் ஒரு கால் மிருகத்தின் எல்லைக்குள் மாட்டிக்கொண்டது. பாதி உடம்பு மிருகத்துக்கே சொந்தம் என்று தம்பிக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்னவர் தருமர்.

இந்த வருடம் முதல்முறையாக மாமாவோடு ஓடிய எட்டாவது வகுப்புப் பையன், மினிதான் தருமர் என்று தெரிந்த நாளிலிருந்து ஒரே கேள்வியாகக் கேட்டுக்கொண்டிருந்தான். பீமன் வந்தால் மினி எப்படி நடந்துகொள்வாள், அந்தத் தீர்ப்பு இருவருக்கும் ஞாபகம் இருக்குமா?

புதுப் பாகங்கள் வந்த சனிக்கிழமை இரண்டாம் பாகத்துக்குப் பதிவேட்டில் முதல் கையெழுத்து அவனுடையதுதான். மறுவாரமே திருப்பித் தர வேண்டும் என்று சொன்னேன். இரண்டு வாரம் ஆகியும் புத்தகம் வரவில்லை. மூன்றாவது சனிக்கிழமை கேட்டபோது, தான் எப்போதோ முடித்துவிட்டதாகச் சொன்னான். தினமும் ராத்திரி பாட்டாவுக்குத் தமிழில் சொல்லிக்கொண்டிருக்கிறானாம், இன்னும் ஆறு அத்தியாயம் பாக்கி.