‘சீட் போஸ்ட் இலவசம்’ என்றால் உஷார்: பழைய மவுன்டன் பைக் ஃபிரேம் வாங்கி நான் ஏமாந்த கதை

பழைய மவுன்டன் பைக் ஃபிரேம் தேடி அலைபவர்கள் இதைப் படித்துவிட்டுப் பணத்தை அனுப்புங்கள். நான் அனுப்பிவிட்டு எழுதிக்கொண்டிருக்கிறேன்.

90களின் தொடக்கத்தில் வந்த ஸ்டீல் ஃபிரேம் அது. செய்த நிறுவனம் இப்போது இல்லை. பெயரைச் சொல்லப்போவதில்லை, அவர்கள் மேல் ஒரு தப்பும் இல்லை. நன்றாகத்தான் செய்து கொடுத்திருக்கிறார்கள், முப்பது வருஷம் கழித்து அதை என் தலையில் கட்டியவர் வேறு ஆள்.

மூடிப்போன கம்பெனி என்றாலே நம்மைப் போன்றவர்களுக்கு ஒரு கிறுக்கு பிடித்துவிடுகிறது. கிறிஸ் சான்ஸ் 1982இல் அமெரிக்காவின் சாமர்வில்லில் தொடங்கிய ஃபேட் சிட்டி சைக்கிள்ஸ், கேரி கிளைனின் பருத்த அலுமினிய ஃபிரேம்கள், கீத் பான்ட்ரேகர் கையால் செய்த ஃபிரேம்கள் என்று பேச ஆரம்பித்தால் விடிந்துவிடும். (கிளைன், பான்ட்ரேகர் இரண்டையும் 1995இல் டிரெக் சைக்கிள் நிறுவனம் வாங்கியது. பான்ட்ரேகர் என்ற பெயரை இன்றைக்கு டயரிலும் சீட்டிலும் பார்க்கலாம்.) இனிமேல் இது வராது என்பதற்காகத்தான் விலை ஏறுகிறது. ஆனால் ஏமாற்றுகிறவனுக்கும் அதே விஷயம்தான் வசதி. சீரியல் நம்பரைச் சொல்லி விசாரிக்க ஆள் கிடையாது, முதலில் என்ன கோணத்தில் செய்தார்கள் என்று கேட்க இடம் கிடையாது, வாரன்டி என்ற பேச்சே கிடையாது. எனக்கு விற்றவர் இதை நன்றாகத் தெரிந்து வைத்திருந்தார்.

விளம்பரத்தில் மூன்று போட்டோ, மூன்றும் வலது பக்கத்திலிருந்து எடுத்தது. "அதிகம் ஓட்டவில்லை, பெயின்ட் மட்டும் லேசாக டச்சப் செய்தது, 80 மி.மீ. சஸ்பென்ஷன் ஃபோர்க்கும் சீட் போஸ்ட்டும் இலவசமாகவே தருகிறேன்" என்றார். (ஃபோர்க் என்பது முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் கவை, 80 மி.மீ. என்பது அது அதிர்ச்சியை வாங்கி அமுங்கும் அளவு. சீட் போஸ்ட் சீட்டைத் தாங்கும் கம்பி.) தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்பார்களே, நானும் பார்க்கவில்லை.

வந்து சேர்ந்த அன்றைக்கே சீட் போஸ்ட் இலவசமான காரணம் தெரிந்துவிட்டது. கழற்ற வரவில்லை! அலுமினிய போஸ்ட்டைக் கிரீஸ் தடவாமல் ஸ்டீல் டியூபுக்குள் வருஷக்கணக்கில் விட்டுவைத்தால், வியர்வையும் மழைநீரும் இறங்கி, அலுமினியம் அரித்து உப்பி, ஸ்டீலோடு கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும். உருவ முடியாததை ஓசி என்று எழுதிவிட்டார். உயரம் எனக்குக் கிட்டத்தட்டச் சரியாக இருந்ததால் சிரித்துவிட்டு, சரி போகட்டும் என்று வண்டியைக் கட்டினேன். அங்கேயே நிறுத்தியிருக்க வேண்டும்.

அப்புறம் ஃபோர்க். உள்ளே அதிர்ச்சியை வாங்க இருந்த எலாஸ்டோமர் என்ற ரப்பர் போன்ற துண்டு காய்ந்த ரொட்டி மாதிரி உதிர்ந்து கொட்டியது. அந்தக் கால ஃபோர்க்கில் இது எல்லாருக்கும் நடப்பதுதான், அதற்காக அவரைக் குறை சொல்லவில்லை. அதைக் கழற்றிவிட்டு, அந்த ஃபிரேமுக்கு உரிய குட்டையான, அமுங்காத ரிஜிட் ஃபோர்க்கைத் தேடிப் பிடித்துப் போட்டேன். தொல்லை அன்றைக்குத்தான் ஆரம்பித்தது. ஹேண்டில் நிலைகொள்ளவில்லை. மெதுவாகத் திரும்பினால் கால் கட்டைவிரல் முன் டயரில் இடித்தது. இறக்கத்தில் பிரேக் பிடித்தால் முன்சக்கரம் எனக்கு அடியில் மடங்கிப் போவது போல ஒரு பயம். பழைய வண்டி இப்படித்தான் இருந்திருக்கும், நமக்குத்தான் பழக்கம் விட்டுப்போச்சு என்று மூன்று வாரம் என்னையே குறை சொல்லிக்கொண்டு ஓட்டினேன்.

ஒரு நாள் தலைகீழாகக் கவிழ்த்துக் கழுவும்போது, டவுன் டியூபின் (முன்னாலிருந்து பெடல் பக்கம் இறங்கும் குழாய்) அடியில், ஹெட் டியூபிலிருந்து (ஃபோர்க் நுழையும் முன்குழாய்) நாலு விரல்கடை தள்ளி, பெயின்டில் மயிரிழை போல ஒரு கோடு தெரிந்தது. நகத்தை வைத்து நெம்பியதும் ஒரு சில்லு பெயர்ந்து வந்தது. அதற்கு அடியில் ரோஸ் நிறத்தில் பட்டி. டிங்கரிங் பட்டறையில் கார் கதவுக்கு வைத்துத் தேய்ப்பார்களே, அதே பட்டி. பிளேடால் சுரண்டச் சுரண்ட, முழங்கையை மடக்கினால் சட்டைக் கையில் விழும் சுருக்கம் மாதிரி டியூப் சுருங்கியிருந்தது தெரிந்தது. மேலே போகும் டாப் டியூபின் அடியிலும் அதேதான். யாரோ எதிலோ நேராகக் கொண்டுபோய் மோதியிருக்கிறார்கள். இந்த டியூப்கள் இரண்டு முனையிலும் கனமாகவும் நடுவில் மெல்லியதாகவும் இருக்கும், நடுப்பகுதி 0.6 மி.மீ. அளவுக்குக்கூட இறங்கும். முன்பக்கம் மோதினால் கனம் குறையத் தொடங்கும் இடத்தில்தான் மடியும். அந்தச் சுருக்கத்தின் மேல் மூன்று வாரம் காட்டுப்பாதையில் குதித்திருக்கிறேன் என்று நினைத்தால் இப்போதும் வயிற்றைப் பிசைகிறது.

பட்டி பார்த்து விற்பது பழைய தந்திரம். எனக்கு ஆத்திரம் அந்த ஃபோர்க்கால்தான். மோதியதில் ஹெட் டியூபின் அடிமுனை பின்னால் தள்ளப்பட்டு அது நிமிர்ந்துவிட்டது. ரிஜிட் ஃபோர்க்கை விட 80 மி.மீ. ஃபோர்க் சுமார் 50 மி.மீ. உயரம். 20 மி.மீ. உயர்ந்தால் முன்கோணம் (ஹெட் டியூபின் சாய்வு) ஏறத்தாழ ஒரு டிகிரி படுக்கும். ஆக, உயரமான ஃபோர்க்கைப் போட்டுப் போட்டோ எடுத்தால், கெட்டுப்போன கோணம் கண்ணுக்குச் சரியாகிவிடும். இலவச ஃபோர்க்கின் வேலை அதுதான்.

ஆனாலும் அந்த போட்டோவை வைத்தே நான் கண்டுபிடித்திருக்கலாம். உயரமான ஃபோர்க் ஃபிரேமை மொத்தமாகத்தான் பின்னால் சாய்க்கும், ஹெட் டியூபுக்கும் சீட் டியூபுக்கும் (சீட் போஸ்ட் இறங்கும் குழாய்) இடையிலுள்ள கோண வித்தியாசத்தை மாற்றாது. அந்தக் காலத்து ஃபிரேம்களில் ஹெட் கோணம் 71 டிகிரி, சீட் கோணம் 73 டிகிரி என்பது பரவலான அளவு, அதாவது ஹெட் டியூப் கொஞ்சம் கூடுதலாகப் படுத்திருக்கும். பழைய போட்டோவை எடுத்து அளந்து பார்த்தேன். என் ஃபிரேமில் சீட் டியூபை விட ஹெட் டியூப்தான் நிமிர்ந்து நிற்கிறது. போட்டோ நேர்ப்பக்கமாக எடுத்ததாக இருந்தால் போனிலேயே இதை அளந்துவிடலாம், ஐந்து நிமிஷ வேலை.

நேரில் பார்க்கப் போனால் சின்னக் காந்தம் ஒன்றைப் பையில் போட்டுக்கொண்டு போங்கள். ஸ்டீல் டியூப் மேல் நகர்த்தினால், பட்டி இருக்கும் இடத்தில் பிடிப்பு தளரும். அலுமினியம், டைட்டானியத்தில் இந்த வித்தை பலிக்காது. ஹெட் டியூபுக்குப் பின்னால், டியூபின் அடியில் விரல் நுனியால் தடவிப் பாருங்கள், கண்ணுக்குத் தெரியாத மேடு விரலுக்குத் தெரியும். சீட் போஸ்ட்டை உங்கள் கண்முன் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். பாட்டம் பிராக்கெட்டின் (பெடல் அச்சு இருக்கும் இடம்) அடியில் சீரியல் நம்பர் பெயின்டில் மூழ்கியிருந்தால் ஏன் என்று கேளுங்கள். என்னுடையதில் பாதி நம்பர்தான் படிக்க முடிகிறது, நான் கேட்கவில்லை.

விற்றவருக்குப் போட்டோ அனுப்பினேன். "முப்பது வருஷப் பழசு, அப்படித்தான் இருக்கும், இருந்த நிலையில்தான் கொடுத்தேன்" என்று ஒரு வரி வந்தது. "பட்டி தானாகவா வளர்ந்தது?" என்று கேட்டேன். பதில் இல்லை, அதோடு பிளாக். போன வாரம் வேறு பெயரில் இன்னொரு ஃபிரேமை விற்பனைக்குப் போட்டிருக்கிறார். பின்னால் தெரிவது அதே சுவர், மூன்று போட்டோவும் வலது பக்கம். அதைப் பார்த்துத்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

ஃபிரேம் கட்டுகிற ஒருவரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். சுருங்கிய டியூபை நிமிர்த்துவது வீண், டாப் டியூப், டவுன் டியூப் இரண்டையும் அறுத்துவிட்டுப் புதிதாக வைக்கலாம் என்றார். பெயின்டும் போகும், ஸ்டிக்கரும் போகும், மிஞ்சுவது ஹெட் டியூபும் பின்பாதியும்தான். அதற்குப் பிறகு அதை அந்தக் கம்பெனி ஃபிரேம் என்று சொல்ல முடியுமா என்று இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன். அதுவரை சுவரில் தொங்குகிறது, சீட் போஸ்ட்டோடு.